நாலாவது கோடு

கிளிஞ்சல்மேடு,
காரைக்கால்.
12-8-2007

அன்பு மகன் சசிதரனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் தங்கச்சியும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஐதராபாத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

அம்மா உன்னோடு போனில் அரைமணி நேரம் பேசுகிறாள். வைத்ததும் என்ன சொன்னான் என்று கேட்டால் கையை ஆட்டி, 'நல்லா இருக்கானாம்' என்கிறாள். அரைமணிப் பேச்சில் எனக்கு வந்து சேர்வது அவ்வளவுதான். வயதெல்லாம் விசைப்படகு இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த காது இது, அதைத் திட்டிப் பயனில்லை. அதனால் எனக்கென்று தனியாக எழுது. சுருக்காமல் எழுது.

விமானம் ஓட்ட ஆள் போதவில்லை என்று பேப்பரில் போட்டிருந்தான். வெளிநாட்டிலிருந்து கேப்டன்களை வரவழைக்கிறார்களாம். முத்தையனிடம் படித்துக் காட்டினேன். உன் படிப்புக்காக விற்ற நம் படகுப் பங்கை வாங்கியவன் அல்லவா, அவனுக்கும் உன் மேல் ஒரு உரிமை. "ஏன் மாமா, பஸ் டிரைவர் எத்தனை வருஷம் ஓட்டுனாலும் டிரைவர்தான. இதுல மட்டும் என்ன மேல போறது?" என்று எழுதிக் காட்டிக் கேட்டான். தோளில் மூன்று கோடு இருந்தால் துணை விமானி, நாலாவது கோடு வந்தால் கேப்டன், சம்பளமும் வேறு, பேச்சும் வேறு என்று சொல்லி வைத்தேன். சரியாகச் சொன்னேனா? நாலாவது கோடு உனக்கு எப்போது வரும்?

இன்னொரு சங்கதி. மாங்கனித் திருவிழாவில் தீபாவைப் பார்த்துவிட்டுத் தலத்தெருவிலிருந்து பெண் கேட்டு ஆள் விட்டிருக்கிறார்கள். பையன் அருள்மணி, மின்துறையில் வேலை. நம்மவர்கள்தான், கடலை விட்டு ஒரு தலைமுறை ஆகிறது. அண்ணன் பைலட் என்று சொன்னதும் அவர்கள் முகம் மாறியதை அம்மா பார்த்தாளாம். உனக்குச் சம்மதமா?

நேரத்துக்குச் சாப்பிடு. மேலே இருக்கிறவன் உன்னைப் பத்திரமாக இறக்கிவிடட்டும்.

அப்பா
அம்பலவாணன்


ஐதராபாத்,
2-9-2007

மரியாதைக்குரிய அப்பாவுக்கு, சசிதரன் வணக்கம்.

நான் சௌக்கியம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? தீபா விஷயத்தில் உங்கள் முடிவுதான் என் முடிவு. பையனைப் பற்றி விசாரித்தவரை நல்லபடியாகவே சொல்கிறார்கள்.

நீங்கள் முத்தையன் அண்ணனிடம் சொன்னது சரிதான். எங்களுக்கு வருஷக்கணக்கு இல்லை, பறந்த மணிக்கணக்குதான். விதிப்படி இத்தனை மணி சேர வேண்டும், பரீட்சைகள் இருக்கின்றன, அதற்குப் பிறகு கம்பெனி சோதித்துப் பார்க்கும். இப்போது போகிற வேகத்தில் அடுத்த வருஷக் கடைசிக்குள் நான் கேப்டன் ஆகிவிடுவேன் என்கிறார்கள். முன்பெல்லாம் பத்து வருஷம் காத்திருந்தார்களாம். சம்பளம் ஏறக்குறைய மூன்று மடங்காகும். பாங்குக் கடனை நினைத்து இனி நீங்கள் தூக்கம் கெட வேண்டாம்.

நான் அதிகமும் கேப்டன் பீர் மைதீனோடுதான் பறக்கிறேன். நாகூர்க்காரர். மேலே போனதும் தமிழில் பேசுவார். விசாகப்பட்டினத்துக்கு இறங்கும்போது கடலுக்கு மேலே ஒரு வட்டம் போட்டு வருவோம். காலையில் படகுகள் வரிசையாகத் தெரியும். வலை இழுக்கிற படகு எது, சும்மா போகிற படகு எது என்று பின்னால் கிடக்கிற நுரையைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். "இதெல்லாம் எந்த ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க தம்பி?" என்று கேட்டார். அப்பா என்றேன்.

உங்களை ஒருமுறை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அம்மாவுக்கும் தங்கைக்கும் என் அன்பு.

உங்கள்
சசி


கிளிஞ்சல்மேடு,
20-1-2008

என் சசிதரனுக்கு,

பொங்கல் நல்லபடியாகக் கழிந்தது. நீ வராததுதான் குறை. அம்மா உன் பங்குக் கரும்பை மூலையில் சாத்தி வைத்திருக்கிறாள், எறும்பு மொய்க்கிறது, எடுக்க விடமாட்டேன் என்கிறாள். நீ சௌக்கியம்தானே?

தீபாவுக்கு நிச்சயம் முடிந்தது. கல்யாணம் வைகாசியில். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஊர் ஆண்கள் எல்லாரும் கரையில்தான் இருப்பார்கள், பந்தலுக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. உனக்கு லீவு கிடைக்கும்படி இப்போதே சொல்லி வை.

சம்பந்தி ஒன்று கேட்டார். நான் கேட்டிருக்க மாட்டேன், அவராகத்தான் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினார். வரவேற்பு அன்றைக்கு மாப்பிள்ளை மச்சான் யூனிஃபாரத்தில் நின்றால் அவர்கள் சொந்தக்காரர்களுக்குப் பெருமையாக இருக்குமாம். எனக்கும் இருக்கும். உன் அம்மாவுக்குக் கேட்கவே வேண்டாம். அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறோம்.

எந்த ஊருக்கெல்லாம் பறந்தாய் என்று எழுது. பள்ளிக்கூட அட்லசில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

உன் வரவையே பார்த்திருக்கும்
அப்பா


ஐதராபாத்,
10-4-2008

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்களும் அம்மாவும் வெயிலில் அலைய வேண்டாம்.

லீவு கிடைத்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துவிடுவேன். செலவுக்கு என்னால் ஆனதைத் தீபா கணக்கில் போட்டிருக்கிறேன்.

யூனிஃபாரம் பற்றி. வேலையில் இல்லாத நேரத்தில் அதைப் போடக் கூடாது என்று விதி. சம்பந்தியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் வேட்டி சட்டையில் வருகிறேன்.

இங்கே வெயில் அதிகம். பக்கத்தில் ஒரு குளக்கரை இருக்கிறது, தினமும் சாயங்காலம் நடக்கிறேன். கவலைப்படாதீர்கள், நன்றாகத்தான் இருக்கிறேன்.

சசி


கிளிஞ்சல்மேடு,
3-5-2008

அன்பு மகனுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வந்தது. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை.

விதி என்றால் விதிதான். சம்பந்தியிடம் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, பிறகு சிரித்துவிட்டார். வேட்டி சட்டை போதும்.

எந்த ஊருக்கும் போனதாக நீ எழுதவில்லை. அட்லசை மூடி வைத்திருக்கிறேன். வேலை அதிகமாக இருக்கும், சரி. தினமும் சாயங்காலம் நடப்பதாக எழுதியிருக்கிறாய். தினமும் சாயங்காலம் வீட்டில் இருக்க முடிகிறதா? நல்லதுதான்.

படகெல்லாம் அரசலாற்றில் கட்டிக் கிடக்கிறது. பந்தக்கால் நட ஆள் வந்துவிட்டார்கள். வந்து சேர்.

அப்பா


ஐதராபாத்,
8-6-2008

மரியாதைக்குரிய அப்பாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். கல்யாண அலைச்சலுக்குப் பிறகு உங்கள் உடம்பும் அம்மா உடம்பும் எப்படி? தீபா தலத்தெருவில் பொருந்திவிட்டாளா?

எல்லாம் சிறப்பாக நடந்தது. அருள்மணி நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். தாலி கட்டி முடித்ததும் மண்டபத்து மாடி அறையில் கொஞ்சம் சாயலாம் என்று போனேன். அப்படியே தூங்கிவிட்டேன் போல. பந்தியில் நின்று பரிமாற வேண்டியவன், அந்த நேரத்தில் காணாமல் போனதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நீங்கள் எழுப்பியிருக்கலாம். முந்தின ராத்திரி கண் மூடவில்லை, அதுதான்.

மறுநாளே கிளம்பியது பற்றி அம்மா வருத்தப்பட்டாள். வேலை அப்படி.

சசி


கிளிஞ்சல்மேடு,
25-6-2008

சசிதரனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். தீபா போன வாரம் வந்து போனாள், முகம் தெளிவாக இருக்கிறது.

பரிமாற ஆயிரம் பேர் இருந்தார்கள். அதை நினைத்து வருந்தாதே.

நாக்கில் இருந்த புண் ஆறிவிட்டதா? காரம் சேர்க்காதே. தேங்காய்ப்பால் குடி.

வேறொன்றும் இல்லை.

அப்பா


ஐதராபாத்,
17-8-2008

அப்பாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும். ஆனால் உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாளாக ஒரு வரியும் எழுத வரவில்லை. நாக்கில் புண் இருந்ததை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இனி மறைப்பதில் அர்த்தம் இல்லை.

நான் பிப்ரவரியிலிருந்து பறக்கவில்லை.

ஒரு நாள் காலை டீ போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது சமையலறைத் தரை. பால் முழுவதும் பொங்கிக் கருகி வீடெல்லாம் புகை. உதடு கிழிந்திருந்தது. அறையில் நான் மட்டும்தான். மறுநாள் காலை விசாகப்பட்டினம் போக வேண்டும். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஒரு நரம்பு டாக்டரைத் தேடிப் போனேன். தலையில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். வலிப்பு நோய் என்றார். மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் அடங்கியிருக்கும், சாதாரண வாழ்க்கை வாழலாம் என்றார். விமானம் ஓட்டலாமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அதை நீங்கதான் உங்க கம்பெனிக்குச் சொல்லணும். நானா போய்ச் சொல்ல மாட்டேன்" என்றார்.

யாரும் பார்க்கவில்லை, அப்பா. சொல்லாமல் இருந்திருந்தால் அடுத்த பரிசோதனை வரைக்கும் ஓட்டியிருக்கலாம். கேப்டனுக்கு வேண்டிய மணிகள் சேர இன்னும் சில மாதம்தான். பாங்குக் கடன் இருக்கிறது, தீபா கல்யாணம் இருக்கிறது. எல்லாவற்றையும் யோசித்தேன். சொல்லக் கூடாது என்று ஒரு முழு வாரம் முடிவு செய்து வைத்திருந்தேன்.

கேப்டன் பீர் மைதீன் மேலே போனதும் எழுந்து பாத்ரூம் போவார். போகும்போது என் தோளைத் தட்டி, "பிளேன் உங்கிட்ட இருக்கு தம்பி" என்பார். கொஞ்ச நேரம்தான். பின்னால் ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருப்பார்கள். அந்த நேரத்தில் அது வந்தால் என்ற நினைப்பை என்னால் தள்ள முடியவில்லை. படுத்தால் அதுதான் வந்தது. கடைசியில் போய்ச் சொல்லிவிட்டேன். பரிசோதித்தார்கள். நிரந்தரமாகத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்தாலும் இந்த நோய்க்குப் பயனில்லையாம்.

கேப்டன் வீட்டுக்கே வந்தார். அழுதார். நான் அழவில்லை.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றால், கல்யாணம் நிற்கக் கூடாது என்றுதான். அது தப்போ சரியோ தெரியவில்லை. தாலி கட்டி முடிந்ததும் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் ஊருக்கு வந்தேன். பந்தலில் எல்லாரிடமும் என்னைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். முடியவில்லை.

இப்போது விமானப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்துகிறேன், காற்று, மேகம், திசை இதெல்லாம். பையன்கள் நிலத்தை விற்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பளம் கொஞ்சம்தான், கடனுக்குப் போக வயிற்றுக்கு வரும். மாத்திரை விடாமல் சாப்பிடுகிறேன்.

எழுதுங்கள், அப்பா. திட்டியாவது எழுதுங்கள்.

சசி


தலத்தெரு,
30-9-2008

அன்புள்ள அண்ணனுக்குத் தீபா எழுதுவது.

நான் நலம். உனக்கு மாமா பதவி வரப்போகிறது, இப்போது மூன்றாம் மாதம். சந்தோஷமாகச் சொல்ல வேண்டியதை இப்படிச் சொல்கிறேன்.

அப்பாவிடமிருந்து பதில் இல்லை என்று அம்மாவிடம் போனில் கேட்டாயாம். உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன். படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார். பொழுது சாய்ந்து வந்து அம்மாவை உட்கார வைத்துச் சொன்னார். அம்மா கத்திய கத்தல் அவருக்குக் கேட்கவில்லை, வாயசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாளே அம்மா திருநள்ளாறு போய்க் குளத்தில் முழுகிவிட்டு வந்தாள். சனி விலகினால் சரியாகிவிடும் என்கிறாள்.

பதில் வராததற்குக் காரணம் நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டும். அப்பா மறுபடி கடலுக்குப் போகிறார். முத்தையன் அண்ணன் படகில்தான், இன்ஜின் பார்க்க. சொந்தப் பங்கு இருந்த படகில் கூலிக்கு ஏறுகிறார். நாலைந்து நாள் கடலிலேயே தங்கல், கரைக்கு வந்து ஒரு நாள் தூக்கம், மறுபடி தங்கல். "இந்த வயசுல வேணாம் மாமா" என்று முத்தையன் அண்ணனே சொல்லிப் பார்த்தாராம். "இனிமே கெட்டுப்போக இந்தக் காதுல என்னடா மிச்சம் இருக்கு" என்று ஏறிவிட்டார்.

என்னைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன், மறைத்து மறைத்துத்தான் எல்லாரும் இப்படி ஆனோம். எனக்கு உன் மேல் கோபம் உண்டு. உனக்கு நோய் வந்ததற்கு அல்ல. என் வீட்டுக்காரரிடம் நான் சொன்ன அன்றைக்கு மாமியார் கூடவே இருந்தார். "இது உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருக்கா?" என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்டார். அப்போது என் பக்கத்தில் நீ இருந்திருக்க வேண்டும் அண்ணே. மூன்றாம் நாள் இவர் என்னைக் காரைக்கால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதைத் தன் அம்மாவிடம் இவரே போய்ச் சொன்னார். பிறகு என்னிடம், "உங்க அண்ணன் சொல்லாம ஓட்டியிருந்தா யாருக்குத் தெரியும்? சொல்லிட்டாருல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மாத்திரையை விடாதே. அப்பாவுக்கு நேரம் கொடு.

தங்கை
தீபா


கிளிஞ்சல்மேடு,
2-11-2008

அன்பு மகன் சசிதரனுக்கு அப்பா எழுதுவது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இதை இப்போது வழக்கத்துக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டிக் கேட்கிறேன்.

கடிதம் தாமதமானதற்குக் காரணம் தீபா எழுதியிருப்பாள். கடல் மட்டும் காரணம் இல்லை. கோபம் இருந்தது. உன் மேல் இல்லை என்று சொன்னால் பொய். பிப்ரவரியிலிருந்து நீ தனியாக ஒரு அறையில் விழுந்து எழுந்துகொண்டிருந்திருக்கிறாய். நான் இங்கே நாலாவது கோடு எப்போது என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் இன்ஜின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கல்யாணத்தன்று நடந்ததைச் சொல்கிறேன். உன்னைச் சாப்பிடக் கூப்பிட மாடிக்கு வந்தேன். நீ கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாய். கை காலெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தது. கடலில் ஒருவனுக்கு இப்படி வந்து பார்த்திருக்கிறேன், ஆனால் அது என் பிள்ளை இல்லை. கதவைத் தாழ் போட்டேன். உன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பெரியவர்கள் சொல்வார்களே என்று மண்டபத்துச் சாவிக்கொத்தை உன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். அதனால் பயன் உண்டோ இல்லையோ, எனக்குச் செய்ய அது ஒன்றுதான் இருந்தது. வாயில் ரத்தம், நாக்கைக் கடித்திருந்தாய். அடங்கியதும் உன் சட்டையைக் கழற்றித் துடைத்து, உன் பெட்டியில் இருந்த அதே மாதிரி இன்னொரு சட்டையை மாட்டினேன். கீழே நாதஸ்வரம் வாசித்திருப்பார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உன் மூச்சும் கேட்கவில்லை, அதனால் மூக்குக்குக் கீழே விரலை வைத்தபடியே இருந்தேன்.

கதவு ஆடியது, திறந்தேன். சம்பந்தி. பையன் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை, விடுங்கள் என்றேன். நீ கண் திறந்து என்னைப் பார்த்தாய், யாரென்று தெரியாமல் பார்த்தாய். மறுபடி தூங்கிவிட்டாய். அலுப்பு, வெயில், வேறொன்றும் இருக்காது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அப்பாவிடம் சொல்வான் என்று காத்திருந்தேன். நீயும் எனக்காகக் காத்திருந்திருக்கிறாய்.

விமானக் கம்பெனிகள் நொடித்துப்போய் ஆட்களை நிறுத்துவதாக இப்போது பேப்பரில் தினமும் வருகிறது. பைலட் படிப்பு படித்தவர்களே வேலை இல்லாமல் இருக்கிறார்களாம். போன வாரம் டீக்கடையில் முத்தையன் பேப்பரைக் காட்டி, "நம்ம சசிக்கும் இதானா மாமா?" என்று எழுதிக் கேட்டான். சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கலாம், யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன். அவனுக்கு வலிப்பு வருது, அவனே போய்ச் சொல்லிட்டு இறங்கிட்டான், யாரும் அவனை நிறுத்தல என்று சொன்னேன். என் குரல் எவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியாது. தெருவில் போனவர்கள் நின்று திரும்பியதைப் பார்த்தால் சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். கடைக்காரன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அழுதேன். உன் அம்மா பார்க்கவில்லை.

உனக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும். தேற்றி எழுத எனக்கு வரவில்லை. கடனைப் பற்றிப் பேச்சு எடுக்காதே, கடலுக்குப் போகாதே என்றும் எழுதாதே. அது என் பாடு.

தீபாவளிக்கு நீ வரவில்லை. தனியாகப் பிரயாணம் செய்யப் பயமா, எங்களைப் பார்க்கப் பயமா, தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து நானே வருகிறேன். மாப்பிள்ளை டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார், சென்னையில் ரயில் ஏற்றி விடுவதும் அவர்தான். அடுத்த புதன்கிழமை காலை ஐதராபாத். வீட்டு விலாசத்தைத் தெலுங்கில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன், ஆட்டோக்காரனிடம் காட்டினால் கொண்டுவந்து விடுவான். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம். படியில் தனியாக இறங்கவும் வேண்டாம். சில நாள் உன்னோடு இருந்துவிட்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஊருக்கு வருவோம். அம்மா காத்திருக்கிறாள்.

நான் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்பேன். உள்ளே இருந்து குரல் கொடுத்தால் எனக்குக் கேட்காது. நீ எழுந்து வந்து திறக்க வேண்டும்.

அப்பா